அமெரிக்க இலக்கியப் பேப்பரைக் கண்டு பயம் வேண்டாம்

 

பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேரும் நம் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஷேக்ஸ்பியர் பெயரையாவது பள்ளியில் கேட்டிருப்பார்கள். எமர்சன், தோரோ, விட்மன் எல்லாம் அவர்களுக்குப் புதிது. அதனால் கைடை வாங்கி வரி விடாமல் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலும் பேனா நின்றுவிடுகிறது. ஒரு அரியர் விழுந்ததும், "படித்தது போதும், வீட்டில் இரு" என்று பெண்பிள்ளையிடம் சொல்லிவிடும் வீடுகள் இன்னும் நம்மிடையே உண்டு. ஆகவே பெற்றோரும் இதைப் படிக்க வேண்டுகிறோம்.

முதல் வேலை, இந்த ஆண்டுப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் கல்லூரியில் கேட்டு வாங்குவது. பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சீனியரின் நோட்ஸை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு நூலையும் அது எழுதப்பட்ட காலத்தோடு சேர்த்துப் படியுங்கள். மூன்று கட்டங்களை நினைவில் வைத்தால் பாதிப் பாடம் பிடிபடும்.

1. சுய சிந்தனைக் காலம்: 1776இல் விடுதலையை அறிவித்த பிறகும் அமெரிக்கர்கள் எழுத்தில் ஐரோப்பாவையே பின்பற்றினார்கள். சொந்தமாகச் சிந்தியுங்கள் என்று எமர்சன் 1837இல் 'தி அமெரிக்கன் ஸ்காலர்' உரையில் வலியுறுத்தினார். 'குலிஸ்தான்' தந்த பாரசீகக் கவிஞர் ஷைகு சஅதியை விரும்பிப் படித்தவர் இவர். 1865இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். இவருடைய நண்பர் தோரோ, அடிமை முறையை ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். அவருடைய 'வால்டன்' வெளிவந்தது 1854இல்.

2. அடிமை முறையும் உள்நாட்டுப் போரும் (1861–65): அடிமையாகப் பிறந்து தப்பிய ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் தன் வரலாற்றை வெளியிட்டார். லிங்கன் கொல்லப்பட்ட துயரத்தை விட்மன் கவிதையாக்கினார். பாடத்தில் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவர் உமர் இப்னு ஸைது. மேற்கு ஆப்பிரிக்காவில் மார்க்கக் கல்வி கற்ற அவர், 1807இல் அடிமையாக அமெரிக்கா கொண்டுவரப்பட்டார். 1831இல் அரபியில் அவர் எழுதிய தன்வரலாறு இன்று காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது.

3. இரண்டாம் உலகப் போருக்குப் பின்: ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949), லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' (1959) ஆகிய நாடகங்கள். பணமும் கௌரவமும் குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதே இரண்டிலும் கேள்வி.

கதையை முதலில் தமிழில் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். உதாரணமாக ஹான்ஸ்பெரியின் நாடகம்: சிகாகோவில் ஒரு கறுப்பினக் குடும்பம். இறந்த தந்தையின் இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. தாய் வீடு வாங்க முன்பணம் கட்டுகிறார். தங்கையின் மருத்துவப் படிப்புக்கான பங்கையும் சேர்த்து மீதியை மகனிடம் கொடுக்கிறார். அவன் அதைத் தொழிலில் போட்டு ஏமாறுகிறான். வெள்ளையர் பகுதிக்குக் குடிவராமல் இருந்தால் பணம் தருகிறோம் என்கிறார்கள். கடைசியில் அவன் அதை மறுக்கிறான்.

இனி ஆங்கிலத்தில் மூன்று சிறு வாக்கியம் எழுதுங்கள்: யார், எதை விரும்பினார், எது தடுத்தது. இந்த மூன்றும் சொந்த நடையில் வந்துவிட்டால், கேள்வியை எப்படிக் கேட்டாலும் கட்டுரையை அதிலிருந்து வளர்க்கலாம். கவிதைகளை இரண்டு முறை வாய்விட்டு வாசித்த பிறகே உரையைப் பாருங்கள். தேர்வுக்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றையாவது கடிகாரம் வைத்து முழுதாக எழுதுங்கள். நேரம் போதாமல் கடைசிக் கட்டுரையை விட்டுவிடுவதை அது தடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளைக்கு வீட்டு வேலை சொல்லாதீர்கள். கதை சொன்னால் காது கொடுங்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் இப்படி உதவலாம். அப்படியும் அரியர் விழுந்தால், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.