பழைய உழவு இயந்திரத்தின் சீரற்ற ஓட்டம்: காரணமறிதலும் திருத்துதலும்

உடுப்பிட்டியிலும் அதனை அடுத்த வடமராட்சிக் கிராமங்களிலும் நெற்செய்கை மழையையே நம்பி நடைபெறுகின்றது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் நிலத்தை உழுது புழுதியில் விதைத்து முடித்தல் வேண்டும். இதற்குக் கிடைக்கும் நாட்கள் சில. ஓர் உழவு இயந்திரம் பலருடைய வயல்களையும் உழுவதால், அது பழுதடையின் உடைமையாளர் மட்டுமன்றி, முறை பார்த்துக் காத்திருக்கும் கமக்காரர் அனைவரும் நட்டமடைவர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வயல்களும் தோட்டங்களும் சிறு துண்டுகளாயுள்ளன. சாலின் முடிவுதோறும் வேகத்தைக் குறைத்து இயந்திரத்தைத் திருப்ப வேண்டியிருக்கின்றது. ஆதலின், குறைந்த வேகத்தில் இயந்திரம் சீராக ஓடுதல் இங்கு மிகவும் இன்றியமையாததாகும். சுமையின்றிக் குறைந்த வேகத்தில் ஓடும் நிலையை இங்கே மந்த ஓட்டம் எனக் குறிப்பிடுவோம். மந்த ஓட்டத்தில் இயந்திரம் ஏறி இறங்கி ஓடினும், குலுங்கினும், தானே நின்றுவிடினும் பெரும்பாலோர் உடனே டீசல் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகின்றனர். பெரும்பாலும் குறை பம்பில் இராது. செலவில்லாத சோதனைகளை முதலிற் செய்து, பம்பை இறுதியாகக் கருதுவதே முறையாகும்.

இயந்திரத்தின் அமைப்பு

எமது பகுதியில் இன்றும் உழைத்து வரும் பழைய இயந்திரங்களுள் மாசி பெர்குசன் 35, 135 ஆகியவை முக்கியமானவை. 135 ஆம் இலக்க இயந்திரம் 1964 ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. இவற்றிற் பெரும்பாலானவை மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களால் இயங்குவன. இவற்றின் மந்த ஓட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 சுற்றுக்களாகும். மூன்றே சிலிண்டர்கள் இருப்பதால் ஒன்று வேலை செய்யத் தவறினும் குலுக்கம் தெளிவாகப் புலப்படும்.

முதலில் நோக்க வேண்டியவை

இயந்திரத்தைத் திறந்த வெளியில் நிறுத்தி, கியரை விடுத்து, கைத்தடையை இட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டுக் கவனிக்க. மூடிய கொட்டிலுள் ஓடவிடலாகாது. புகையிலுள்ள நச்சுவாயு உயிரைப் போக்கும்.

வேகம் அலைபோல ஏறி இறங்கின், எரிபொருளிற் காற்றுக் கலந்திருத்தல் அல்லது கவர்னர் குறையை ஐயுறலாம். ஒரே சீராக நொண்டுவது போன்று ஓடின், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை எனக் கொள்ளலாம். சிறிது நேரம் நன்றாக ஓடிப் பின் மெல்ல அடங்கி நின்றால், எரிபொருள் வழியில் அடைப்பு உண்டு என்று கருதலாம்.

புகையின் நிறமும் துணைசெய்யும். சூடேறிய பின்னும் வெண்புகை வரின் டீசல் எரியாது வெளியேறுகின்றது. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். கரும்புகை காணின் முதலிற் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குக. புழுதி விதைப்புக் காலத்தில் அதனை நாள்தோறும் பார்த்தல் நன்று.

எரிபொருள் வழி

1. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருப்பின் டீசல் இறங்காது. இயந்திரம் அடங்கும் வேளையில் மூடியைத் தளர்த்துக. காற்று உட்புகும் ஒலி கேட்டு ஓட்டம் சீரானால் குறை அதுவே.

2. தாங்கியின் அடியிலும் வடிகட்டியின் அடியிலும் தேங்கிய நீரையும் மண்டியையும் வடித்துவிடுக. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்தனர். அவ்வாறு நெடுநாள் வைத்த டீசலில் நீர் சேர்வதுடன், நீர் சேர்ந்த இடத்தில் வழுவழுப்பான பாசி போன்ற பொருளும் வளரும். அது சல்லடையையும் வடிகட்டியையும் அடைக்கும்.

3. வடிகட்டியை மாற்றிய காலம் நினைவில் இல்லையெனின் மாற்றிவிடுக. அதனுடன் வரும் இறப்பர் வளையங்களையும் புதிதாக இடுதல் வேண்டும். பழைய வளையம் காற்றை உட்புக விடும்.

4. குழாய்களின் இணைப்புக்களைத் துடைத்து உலரவைத்துப் பார்க்க. தாங்கி நிறைந்திருக்கையிற் கசியும் இணைப்பு, டீசல் குறையும்போதும் சல்லடை அடைபடும்போதும் காற்றை உறிஞ்சும். கடற்காற்று வீசும் எமது பகுதியில் இரும்புக் குழாய்களின் பிடிப்பான்களுக்கு அடியில் துரு அரித்து ஊசித்துவாரம் உண்டாதல் கூடும்.

காற்றை அகற்றும் முறை

வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியைச் சிறிது தளர்த்தி, ஊட்டுப் பம்பின் கைநெம்பை அசைக்க. குமிழிகள் நின்று டீசல் மாத்திரம் வரும்போது, நெம்பை அசைத்துக்கொண்டே திருகாணியை இறுக்குக. பின்னர் டீசல் பம்பின் உடலிலுள்ள காற்றுத் திருகாணிகளிலும் இவ்வாறே செய்க. கைநெம்பு பிடிப்பின்றி ஆடினால் பம்பு பழுது என எண்ண வேண்டா. எஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டு மீண்டும் முயலுக. நெம்பு வேலை செய்யும்.

காற்றை அகற்றிய பின் நன்றாக ஓடி, மறுநாள் மீண்டும் அதே குறை தோன்றின், காற்றுப் புகும் வழி அடைபடவில்லை என்பது பொருள். அவ்வழியைக் காணாது நாள்தோறும் காற்றை அகற்றுவதாற் பயனில்லை.

குறையுள்ள சிலிண்டரைக் கண்டறிதல்

எஞ்சின் மந்தமாக ஓடுகையில் ஓர் இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாயின் நட்டை அரைச் சுற்று மாத்திரம் தளர்த்துக. ஓசை மாறி வேகம் தாழ்ந்தால் அச்சிலிண்டர் வேலை செய்கின்றது. மாற்றம் எதுவும் இல்லையாயின் குறை அங்கேயே உள்ளது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைச் சோதிக்க.

எச்சரிக்கை: இக்குழாய்களில் டீசல் மிகுந்த அழுத்தத்துடன் பாய்கின்றது. மெல்லிய பீச்சலும் தோலைத் துளைத்து உட்புகும். கையை அருகிற் கொண்டு செல்லலாகாது. கண்ணாடி அணிதல் வேண்டும். டீசல் தோலினுட் புகுந்தால், காயம் சிறிதாகத் தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

குறையுள்ள சிலிண்டரின் இன்ஜெக்டரை எஞ்சினை நிறுத்திய பின் அடுத்த சிலிண்டரின் இன்ஜெக்டருடன் மாற்றிப் பொருத்துக. செப்பு வாசர்களைப் புதிதாக இடுக. குறை இன்ஜெக்டருடன் இடம் மாறினால் அந்த இன்ஜெக்டரை மாத்திரம் பட்டறையிற் சோதிப்பித்தாற் போதும். குறை பழைய சிலிண்டரிலேயே நின்றால், வால்வையோ பிஸ்டன் வளையங்களையோ பார்க்க வேண்டும். மேற்கூறிய மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் எஞ்சின்களில் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலமாகும். இடைவெளி இல்லாதுபோயின் வால்வு மூடாது. அழுத்தம் குறைந்து மந்த ஓட்டம் கெடும்.

கவர்னரும் இணைப்புக் கோல்களும்

வேக நெம்பிலிருந்து பம்புக்குச் செல்லும் கோல்களின் மூட்டுக்கள் தேய்ந்து ஆடுகின்றனவா, வில் தளர்ந்துள்ளதா எனப் பார்க்க. எஞ்சினை நிறுத்தும் இழுப்பான் முழுவதும் உட்செல்லாது நிற்பின் டீசல் போதியளவு கிடையாது. இவை யாவும் ஒழுங்காயிருந்த பின்னரே மந்த ஓட்டத் திருகாணியைத் திருப்பலாம். குறையைத் திருத்தாது இத்திருகாணியை ஏற்றி வைத்தல் நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. முத்திரையிட்ட மேல்வேகத் திருகாணியை ஒருபோதும் தொடலாகாது.

மேற்கூறியவற்றின் பின்னும், எஞ்சின் சூடேறியதும் வேகம் ஏறி இறங்கின், பம்பின் உட்பாகங்கள் தேய்ந்திருத்தல் கூடும். அப்பொழுதே பம்பைத் தகுந்த பட்டறைக்கு அனுப்புதல் தகும்.

மண்ணெண்ணெய் கலத்தல்

1990 ஆம் ஆண்டின் பின், பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருள் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எம்மவரின் இத்திறமை போற்றத்தக்கது. ஆயினும் அது பெற்றோல் எஞ்சினுக்குரிய உபாயம். அதிலும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தமையால், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

டீசல் பம்பின் நிலை வேறு. அதன் நுண்ணிய பாகங்களுக்கு மசகாவது அதனுட் செல்லும் டீசலே. மண்ணெண்ணெய்க்கு அத்தன்மை குறைவு. சில நாட் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலப்பவர், பம்பின் தேய்வால் அதனினும் பெருஞ்செலவை ஏற்க நேரிடும்.

காக்கும் முறைகள்

1. நாளின் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்புக. வெற்றிடமுள்ள தாங்கியில் இரவுக் குளிரால் நீர் படியும்.
2. பீப்பாயிலுள்ள டீசலை ஒரு நாள் அசையாது வைத்து, அடிமண்டியை விடுத்து, வடித்து ஊற்றுக.
3. வடிகட்டி மாற்றிய நாளையும் ஓடிய மணித்தியாலங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க.
4. இச்சோதனைகளை உழவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே, ஆவணி மாதத்திற் செய்து முடிக்க.

காற்று, நீர், வடிகட்டி, இன்ஜெக்டர், வால்வு, கோல்கள், இறுதியிற் பம்பு என்ற ஒழுங்கை மனத்திற் கொண்டு சோதிப்பவருக்குப் பணமும் நாளும் மிச்சமாகும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.