பால் கக்கும் பிள்ளைக்கு மருந்து வேண்டுமா?

உடுவில் பக்கத்து வீடுகளில் கைக்குழந்தை இரண்டு தரம் பால் கக்கினால் போதும், "ஏதும் பாணி மருந்து வாங்கிக் குடுங்கோ" என்று சொல்ல ஒருவர் இருப்பார். வயிற்றுக்கென்று கொடுக்கும் மருந்து இதயத்தையும் தொடக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

சிசப்பிரைட் என்ற வயிற்று மருந்து இதற்குச் சாட்சி. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, பால் கக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1999 முடிவதற்குள், எல்லா வயதினரையும் சேர்த்து, இதயத்துடிப்புக் கோளாறு பற்றி 341 முறைப்பாடுகள் அங்கே பதிவாகின; அவற்றில் 80 மரணங்கள். 2000 ஜூலையில் பொது விற்பனை நின்றது. இந்தியா 2011இல் தடை செய்தது.

ஒரு துடிப்பு முடிந்ததும் இதயத் தசைக் கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற வேண்டும். அப்போதுதான் அவை அடுத்த துடிப்புக்குத் தயாராகும். சிசப்பிரைட் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடைக்கும்; அதனால் ஈ.சி.ஜி.யில், துடிப்புத் தொடங்கி இதயம் மீளும்வரையான கியூ.டி. இடைவெளி நீளும். அந்த இடைவெளியில் வேளைதவறிய துடிப்பொன்று விழுந்தால் இதயம் தாறுமாறாகப் படபடத்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

குறைமாதப் பிள்ளைக்கு ஆபத்து இரட்டிப்பு. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி பிறந்த புதிதில் மிகக் குறைவு. எரித்திரோமைசின், ஃபுளூகொனசோல் போன்றவை சேர்ந்தால் இருக்கிற நொதியும் அடங்கிவிடும். வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம்.

சத்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோனும் அதே வாசலைத் தொடும் மருந்துதான். ஐரோப்பா 2014இல் அதன் பாவனையைக் கட்டுப்படுத்தியது. பிரித்தானியா 2019இல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான அனுமதியையே நீக்கியது. குழந்தைகளுக்கு முன்பு சொல்லப்பட்ட அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.25 மி.கி. ஒன்றரைக் கிலோப் பிள்ளைக்கு அது 0.4 மி.லீட்டர் பாணிகூட வராது. தேக்கரண்டியால் 5 மி.லீ. ஊற்றினால் 13 மடங்கு!

பாரம் கூடி, உற்சாகமாகப் பால் குடிக்கும் பிள்ளை கக்குவது பெரும்பாலும் நோயல்ல; ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும். பச்சையாகவோ இரத்தத்தோடோ சத்தி எடுத்தால், பால் மறுத்தால், நீலம் பாரித்தால், பாரம் ஏறாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மற்றப்படி, பெரிய பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய போத்தலைக் கைக்குழந்தைக்குத் திறக்காதீர்கள். வைத்தியர் மருந்து எழுதினால், பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததையும் வேறு என்ன மருந்து குடிக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.