ஸைக்கிள் தொழிலாளியும் ராஜபாட்டையும்

கோழி கூவும் முன்னரே எழுந்து, தூக்குச் சட்டியில் களியையும் குழம்பையும் நிரப்பி, அதனை ஸைக்கிளின் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்து வேலைக்குச் செல்லும் மனிதனை நம் நாட்டில் காணாதார் இல்லை. எனினும், அவனைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. ரயில் கட்டணம் ஒரு காசு ஏறினால் பத்திரிகைகள் எழுதுகின்றன. பெட்ரோல் விலை ஏறினால் சட்டசபைகள் அதிர்கின்றன. தன் காலையே யந்திரமாகவும் தான் உண்ட களியையே எரிபொருளாகவும் கொண்டு செல்லும் தொழிலாளியின் பிரயாணத்தில் ஏறவும் இறங்கவும் விலை ஒன்றும் இல்லையாதலால், அவனது கஷ்டம் எவர் காதிலும் விழுவதில்லை. அவனைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாட்றம்பள்ளியை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் கடந்து கிருஷ்ணகிரியை நோக்கிப் போகும்போது ஏலகிரி மலைக்கு மேற்கே எதிர்ப்படும் ஊர் அது. 2019-ல் வேலூர் ஜில்லாவினின்று பிரித்து அமைக்கப்பட்ட திருப்பத்தூர் ஜில்லாவில் ஒரு தாலூகாவின் தலைமை ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் தென்னையும் பயிராகும் பூமி. வானம் பொய்த்தால் வயல் வேலை இல்லை. வயல் வேலை இல்லாதவனுக்கு அடுத்த வழி, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உள்ள தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளுமேயாம். வாணியம்பாடி ஏறத்தாழ 15 கிலோமீட்டர்; ஆம்பூர் அதைப்போல் இரு மடங்கு. தொடருக்கு ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்கே போக வேண்டும்; அதுவும் வேறு திசையில் ஏழெட்டு கிலோமீட்டர். பஸ் வரும், ஆனால் தோல் ஷாப்பின் வேலை நேரமும் பஸ்ஸின் நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பஸ் ஏறுமிடத்திற்கே கிராமத்தினின்று மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டியவனுக்கு, சுவரில் சாய்ந்திருக்கும் ஸைக்கிளே முதலில் கண்ணில் படுகிறது.

இப்பிரயாணத்தின் தன்மையைச் சிறிது விளக்குவோம். நாட்றம்பள்ளிப் பக்கத்து நிலம் மேட்டுப் பாங்கானது. வாணியம்பாடியோ பாலாற்றங்கரையில் தாழ்ந்திருப்பது. ஆகவே விடியற்காலையில் போகும்போது பாதை பெரும்பாலும் இறக்கமாயிருந்து உதவுகிறது. வலப்புறம் ஏலகிரியின் பின்னின்று சூரியன் எழுவதற்குள் பாதி வழி கடந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்றும் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். மாலையிலோ எல்லாம் தலைகீழ். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியினின்று இழுத்தும், சுமந்தும், நாள் முழுதும் ஈரத்தில் நின்றும் உழைத்துத் தளர்ந்த உடம்பை, மேடேறி, எதிர்க்காற்றைக் கிழித்து, அவன் வீடு சேர்க்க வேண்டும். காலையில் ஒரு மணியில் முடிந்த வழிக்கு மாலையில் ஒன்றரை மணியும் ஆகும். ஷாப்பில் உழைக்கும் நேரம் கூலிக் கணக்கில் எழுதப்படுகிறது. வழியில் உழைக்கும் இரண்டரை மணியை எழுத எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லை.

இதையே வேறொரு கணக்காகவும் பார்க்கலாம். நாளொன்றுக்குப் போக வர 30 கிலோமீட்டர்; வருஷத்தில் வேலை நாள் 300 எனக் கொண்டால் 9,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆக, நாலரை ஆண்டுக்கு ஒரு முறை இத்தொழிலாளி பூமியை ஒரு சுற்று மிதித்துவிடுகிறான்! உலகைச் சுற்றிவந்த வீரர்களுக்கு மாலையிட்டு ஊர்வலம் விடுகிறோம். இவனுக்கோ வழியில் பங்க்சர் ஒட்ட ஒரு கடை திறந்திருந்தால் அதுவே பெரும் பாக்கியம். அதே 9,000 கிலோமீட்டரை மோட்டார் ஸைக்கிளில் செல்வதானால், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 180 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றே கொண்டாலும் வருஷத்துக்கு 18,000 ரூபாய். வண்டியின் தவணைப் பணம், இன்ஷூரன்ஸ், பழுதுச் செலவு வேறு. ஸைக்கிளுக்கோ இரண்டொரு ட்யூபும், ஒரு டயரும், கோட்டம் எடுக்கும் கூலியும், ஆண்டுக்கொரு ஓவராயிலும் போதும். மிச்சப்படும் அந்தத் தொகை ஒரு குழந்தையின் படிப்பாகவோ, ஒரு கூரையின் ஓடாகவோ மாறுகிறது. ஆதலின் இவன் ஸைக்கிளை விடாதிருப்பது அறியாமையால் அன்று, கணக்கறிந்ததனாலேயே.

ஸைக்கிள் அந்நிய நாட்டினின்று வந்த சாமான் என்பது மெய்யே. ஆனால் நம் மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்ட விதம் வேறெந்த யந்திரத்திற்கும் வாய்க்கவில்லை. 1949-ல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி. ஐ. ஸைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கப்பட்ட பின்னர், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நம் தொழிலாளரின் கையாலேயே செய்த வண்டிகள் வந்து சேர்ந்தன. பால்காரரும், தபால்காரரும், பள்ளி ஆசிரியரும் அதன்மேல் ஏறினர். கேரியரில் நெல் மூட்டையும், முன் கம்பியில் குழந்தையும் ஏறின. நகரசபைகள் அதற்கு வரி விதித்து வில்லை கட்டச் சொல்லிய காலமும் இருந்தது. இரவில் விளக்கில்லை என்றும், இருவர் ஏறினர் என்றும் அபராதம் தண்டிய காலமும் இருந்தது. அக்கெடுபிடிகளையெல்லாம் தாங்கியே ஸைக்கிள் ஏழையின் வீட்டில் நிலைபெற்றது.

பெண்களுக்கு அது செய்த உபகாரத்தைத் தனியே சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு ஸைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டி ஏறினர். பஸ்ஸுக்கும் தந்தைக்கும் தமையனுக்கும் காத்திராமல், வேலைக்கும் சந்தைக்கும் தாமே செல்லலாயினர். 2001-க்குப் பின்னர் மாகாண சர்க்காரும் மேல்நிலைப் பள்ளி மாணவிகளில் தொடங்கி, பிறகு மாணவர்க்கும் விரித்து, இலவச ஸைக்கிள் வழங்கி வந்திருக்கிறது. நாட்றம்பள்ளிப் பக்கத்திலும் பள்ளி முடிந்து அந்த வண்டியிலேயே தம்பி படிக்கப் போவதும், தகப்பன் வேலைக்குப் போவதும் உண்டு.

சிலர், "இதெல்லாம் பழங்கதை, இன்று யார் ஸைக்கிள் மிதிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். தோல் தொழிலாளரில் பலர் மோட்டார் ஸைக்கிளுக்கு மாறியிருப்பதையும், ஷூ கம்பெனிகள் பெண்களை அழைத்துவரப் பஸ் விடுவதையும் நாம் அறியாமலில்லை; அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு, வேலைக்குச் செல்வோர் எவ்வாறு செல்கின்றனர் என்று கேட்டபோது, விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக உள்ள தொழிலாளருள் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர் ஸைக்கிளில் செல்வதாகத் தெரிய வந்தது. அவ்வாண்டில் அது மோட்டார் ஸைக்கிளில் சென்றோர் தொகைக்குச் சற்று அதிகமே. பின்னர் இத்தொகை குறைந்திருக்கக்கூடும். குறைந்தவர் போக எஞ்சியிருப்பவர் யார்? மோட்டார் வாங்க இயலாதவர், தவணை கட்ட இயலாதவர், வயது முதிர்ந்தவர். தொகை குறையக் குறைய அவர்களின் குரலும் மெலிகிறதே ஒழிய, அவர்களது தேவை குறையவில்லை.

2020-ல் கொள்ளை நோய்க்காக நாடு அடைக்கப்பட்டபோது, பதினைந்தே வயதான ஒரு சிறுமி, காயமுற்ற தகப்பனாரைப் பின்னே ஏற்றிக்கொண்டு டில்லியை அடுத்த குருகிராமத்தினின்று பீஹாரில் உள்ள தர்பங்காவுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஸைக்கிள் மிதித்தாள். உலகமே அவளைப் புகழ்ந்தது. அப்புகழ்ச்சியைக் கேட்டு நாம் உள்ளூர வெட்கினோம். ஒரு குழந்தை அவ்வாறு மிதிக்க நேர்ந்ததற்கு விடை கூற வேண்டியவர்களும் அப்புகழ்ச்சியிற் கலந்துகொண்டனர். தினந்தோறும் முப்பது கிலோமீட்டர் மிதிப்பவனை "உழைப்பின் சின்னம்" என்று கொண்டாடிவிட்டு நம் கடமை தீர்ந்ததென்று இருப்பதும் அத்தகையதே.

அக்கடமைதான் யாது? வழி கொடுப்பதே. நாட்றம்பள்ளியை ஒட்டிச் செல்லும் 48-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை பல தடங்களாக அகன்று, இரவும் பகலும் லாரிகளும் கார்களும் பறக்கும் பாதையாகிவிட்டது. சுங்கம் செலுத்தி விரைந்து செல்வோருக்கு அது சௌகரியமே. ஆனால் இப்பாதை பக்கத்து ஊர்களை இணைக்கும் பழைய பெருவழியும் ஆகும். அடுத்த ஊருக்குச் செல்லும் விவசாயியும், பள்ளி செல்லும் பையனும், ஷாப்புக்குச் செல்லும் தொழிலாளியும் வேறெங்கே போவர்? 2023 பிப்ரவரி இறுதியில், வாணியம்பாடிக்கு அருகே இதே நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஸைக்கிளில் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மூன்று சிறுவர் கார் மோதி உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி, நாட்றம்பள்ளிக்கு அருகிலேயே, பழுதாகி நின்ற வேனின் மீது லாரி மோத, வேனை விட்டிறங்கி அமர்ந்திருந்த ஏழு பெண்கள் மாண்டனர். 2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு முப்பத்தாறு பேர், நாட்டுச் சாலைகளின் மொத்த நீளத்தில் மிகச் சிறு பங்கேயான தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள்.

"சர்வீஸ் ரோடு இருக்கிறதே" என்று உத்தியோகஸ்தர்கள் கூறக்கூடும். மேற்சொன்ன மூன்று சிறுவரும் சென்றது சர்வீஸ் ரோட்டிலேதான். சர்வீஸ் ரோடு மோட்டார்களுக்கும் உரியதே. அங்கே ஸைக்கிளுக்கென்று கோடும் இல்லை, கட்டையும் இல்லை. பாலம் வருமிடத்திலும் சந்திப்பு வருமிடத்திலும் சர்வீஸ் ரோடு முடிந்து, ஸைக்கிள்காரன் பெருவழியில் தள்ளப்படுகிறான்.

நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் என்னும் பொறியியல் நிபுணர் சபை 1962-லேயே ஸைக்கிள் பாதைகளுக்கு நெறி வகுத்திருக்கிறது. மோட்டார் வண்டிகள் மணிக்கு 200-க்கு மேல் ஓடும் வழியில், நெரிசல் வேளையில் மணிக்கு நூறு ஸைக்கிள்கள் சென்றாலே தனிப் பாதை அமைப்பது நியாயமென்பது அதன் கருத்து. 48-ம் நம்பர் பாதையில் மோட்டார்களின் தொகையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே செய்ய வேண்டியது எண்ணிப் பார்ப்பதே. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையிலும், மாலை ஐந்து முதல் ஏழு வரையிலும், நாட்றம்பள்ளிக்கும் வாணியம்பாடிக்கும் இடையே நான்கு இடங்களில் ஆட்களை நிறுத்தி ஒரு வாரம் எண்ணினால் போதும். நடுப்பகலில் எண்ணிவிட்டு ஸைக்கிளே இல்லை என்று எழுதலாகாது. தொழிலாளி நடுப்பகலில் தோல் தொட்டியருகே இருப்பான்.

ஹாலந்து தேசத்தை இன்று ஸைக்கிளின் சொர்க்கம் என்கிறோம். அத்தேசமும் பிறவியிலேயே அப்படி இருந்ததன்று. 1971-ல் அங்கே சாலை விபத்துக்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்னும் தலைப்பில் ஒரு பத்திரிகையாளர் எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் தெருவில் அமர்ந்தனர், சர்க்கார் இணங்கியது, தனிப் பாதைகள் எழுந்தன. அங்கு நானூறு குழந்தைகளுக்காக ஒரு தேசம் விழித்தது. இங்கு மூன்று குழந்தைகளுக்காக ஒரு ஜில்லாவேனும் விழிக்க வேண்டாமா?

2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் ஸைக்கிள் மீதான ஜி. எஸ். டி. வரி 12 சதவீதத்தினின்று 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நல்ல காரியமே. மாணவர்க்கு வண்டி இலவசம். வாங்குவோர்க்கு வரி குறைவு. ஆனால் வாங்கிய வண்டியை அச்சமின்றி ஓட்ட இடமில்லை என்றால் இச்சலுகைகளின் பயன் என்ன?

இது விஷயத்தில் மூன்று தரத்தாருக்கு நம் வேண்டுகோளை வைக்கிறோம். நெடுஞ்சாலை அதிகாரிகள், முதற்படியாகச் சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் ஆறடி அகலமேனும் கட்டை வைத்துப் பிரித்து ஸைக்கிளுக்கு விடவேண்டும். சந்திப்புக்களில் விளக்கும் வேகத்தடையும் அமைக்க வேண்டும். தொழிற்சாலை முதலாளிகள், மோட்டார் வண்டிகளுக்குக் கொட்டகை போடும்போது ஸைக்கிளையும் வெயிலில் விடாமல், கொட்டகையும், காற்றடிக்கும் பம்பும், இருட்டில் மின்னும் பட்டையும் அளிக்கலாம். மிதித்து வந்தவன் கால்மணி தாமதித்தால் அரைநாள் கூலியைப் பிடிக்காதிருக்கலாம். இது தர்மமன்று, நல்ல தொழில் முறையேயாகும். மோட்டாரில் செல்லும் கனவான்கள், முன்னே செல்லும் ஸைக்கிளைத் தடையென்று கருதாமல் தம்மைப் போல் வீடு திரும்பும் ஒரு மனிதனென்று கருத வேண்டும்.

நாட்றம்பள்ளித் தொழிலாளி சர்க்காரிடம் எண்ணெய் கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை, புகையால் எவர் மூச்சையும் கெடுக்கவில்லை. எதிர்க்காற்றில் மிதித்து வரும் அவனுக்கு வீட்டு வாசலில் ஒரு விளக்கு காத்திருக்கிறது. அவ்விளக்கை அவன் தினந்தோறும் சென்றடைய ஆறடிப் பாதை கொடுங்கள் என்று மட்டுமே கேட்கிறோம்.