கர்னல் சேர்த்தார், யார் படித்தார்?

ராயபுரம் பீட்டர் தேவாலயத்தைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். ஊர்ப் பெயரில் இருக்கிறவரும் ராயப்பர்தான், அதாவது பீட்டர். துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. அதில் ஆணியே கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். 1783-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர் காலின் மெக்கன்சியும் அப்படித்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினிப் பட்டாளத்தில் வேலை; வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏட்டுப் பித்து அவருக்குப் பிடித்த கதை சுவையானது. லாகரிதம் கண்ட ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத அவர் வம்சத்துப் பிரபு ஒருவர் ஆசைப்பட்டார். அதற்கு இந்தியக் கணிதம் பற்றிய விவரம் தேவைப்பட்டது. பிரபுவின் மகள் ஹெஸ்டர் மதுரையில் குடியிருந்தார். அந்த வீட்டில் பண்டிதர்களோடு பேச உட்கார்ந்த மெக்கன்சி, சாகும்வரை எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை, பிறகு மைசூர் நில அளவை, 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் பதவி. போன இடமெல்லாம் சேகரித்துக்கொண்டே போனார். சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218. 1821-இல் இறந்ததும், அவர் மனைவியிடமிருந்து கும்பினி எல்லாவற்றையும் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

ஆனால் அந்த ஏடுகளைப் படிக்க மெக்கன்சிக்குத் தெரியாது. படித்தது ஏலூர்க்காரரான காவலி வெங்கட போரய்யா. 1803-இல் அவர் இறந்தபின் தம்பி லட்சுமய்யா. இவர்களும் இவர்கள் அனுப்பிய ஆட்களும்தான் ஊர் ஊராகப் போய்க் கணக்குப்பிள்ளைகளிடமும் மடங்களிலும் கைபீது என்னும் ஊர் வரலாறுகளை எழுதி வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். கும்பினி ஆள் வந்து பழைய ஏட்டைக் கேட்டால் வரி நினைப்புதானே வரும்? பாளையக்காரர் வம்சாவளிகளும் 'கொங்குதேச ராஜாக்கள்' போன்ற நூல்களும் இன்று நம் கையில் இருக்கின்றன என்றால், அது இவர்கள் நடந்த நடை.

1816-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் மெக்கன்சி சிவப்புக் கோட்டில் நடுவில் நிற்கிறார். சுற்றிலும் மூன்று இந்தியர்கள். ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவரிடம் ஓலைச்சுவடி. என் கண் அந்தச் சுவடியைவிட்டு நகர மறுக்கிறது.

கர்னல் மெக்கன்சிக்குப் பிறகு வேலையைத் தொடர லட்சுமய்யா அனுமதி கேட்டார். இந்தியர் ஒருவர் தலைமையேற்று நடத்தும் காரியமல்ல இது என்று கல்கத்தாவில் கையை விரித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது நியாயமாகத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

சேகரிப்பில் ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. தென்னாட்டு மொழிச் சுவடிகள் 1828-இல் சென்னைக்கே திரும்பின. இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. அப்போதும் இங்கே துறைமுகம் கிடையாது. கல்கத்தாவிலிருந்து கடல்வழியே வந்திருந்தால், அந்தப் பெட்டிகளையும் அலையின் மேல் சுமந்து கரைசேர்த்தவர்கள் படகுக்காரர்கள்தான்.