டான்பரிக்கு ஜெபர்சனின் பதில், 1802

கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சங்கத்தார் 1801 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே அப்போது காங்கிரகேஷனல் சபைக்குத்தான் அரசின் ஆதரவு. மற்ற சபையினர் அதற்கான வரியிலிருந்து விலக்குப் பெறச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. வழிபடும் உரிமை வெறும் சலுகையாகிவிட்டதே என்பது அவர்களின் வேதனை. நியாயமான வேதனை.

1802 ஜனவரி 1 அன்று ஜெபர்சன் பதில் எழுதினார். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தேவாலயத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு பிரிவுச் சுவரை எழுப்பியிருக்கிறது என்றார்.

அந்தப் பதிலின் வரைவில் அவர் நீக்கிய வரிகளைக் கவனியுங்கள். அரசின் பெயரால் உபவாச நாளும் நன்றி நாளும் அறிவிக்கத் தாம் மறுப்பது ஏன் என்று அவற்றில் விளக்கியிருந்தார். நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்த தம் ஆதரவாளர்கள் மனம் கோணக்கூடாதென்று நீக்கிவிட்டார். வரைவில் மையால் அடித்து மறைத்திருந்த சொற்களை 1998-இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் மீட்டுத் தந்தது.

பதில் எழுதி இரண்டு நாள் கழித்து, ஜனவரி 3, ஞாயிறு. பிரதிநிதிகள் சபைக் கூடத்தில் நடந்த வழிபாட்டுக்கு ஜெபர்சன் வந்திருந்தார். பிரசங்கித்தவர் ஜான் லேலண்ட். மதச் சுதந்திரத்துக்காக அயராது போராடிய பாப்டிஸ்ட் போதகர்.

கனெக்டிகட்டில் அரசு சபை முறை 1818-இல்தான் ஒழிந்தது. 1947-இல் எவர்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜெபர்சனின் சுவரை மேற்கோள் காட்டியது. ஆனாலும் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசுப் பணத்தில் ஈடுசெய்யலாம் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் அனுமதித்தது.