உங்களுக்குத் தெரியுமா? பாண்டாவுக்கு முன்பே பேசிய பாவைகள்

2011-இல் வெளியான ‘குங்ஃபூ பாண்டா 2’ படத்தின் முன்கதை சீன நிழற்பாவைப் பாணியில் தொடங்குகிறது. அந்தப் படத்தில் வரும் பேசும் விலங்கு, சண்டை, சிரிப்பு என்ற கலவை நமக்குப் புதிதல்ல. நம் தோல்பாவைக்கூத்தில் எப்போதோ இருந்ததுதான். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வெட்டிய அனுமன் திரைக்குப் பின்னால் வாலைச் சுழற்றும்போது, அவன் நகைகளில் குத்திய துளைகள் வழியே விளக்கொளி பொட்டுப்பொட்டாக மின்னும். ராமேசுவரக் கடலில் வானரங்கள் அணை கட்டும் ராமகதையைச் சொல்லும் அதே கூத்தில்தான் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் கோமாளிகளும் புகுந்து வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார்கள். தெய்வத்தைக் கேளிக்கைப் படத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்தியையும் சிரிப்பையும் ஒரே திரையில் ஏற்றக் கூத்துக் கலைஞர்களே தயங்கவில்லையே! 2005-இல் வந்த ‘ஹனுமான்’ அனிமேஷன் படத்தைத் தொடர்ந்து 2007-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ வந்ததும் அந்தத் துணிச்சலின் நீட்சிதான்.