பிஸ்கட் கம்பெனி கழிப்பறை கட்டினா அது தானமா, கடமையா?

நாம ஷேர் வச்சிருக்கிற ஒரு பிஸ்கட் கம்பெனி, ஸ்கூலுக்குக் கழிப்பறை கட்டிக் குடுத்தோம்னு ஆண்டறிக்கையில நாலு பக்கம் போட்டோ போடுது. நல்ல விஷயம்தான். ஆனா முதல்ல சட்டத்தைப் பார்த்துடலாம்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2% சி.எஸ்.ஆருக்குச் செலவழிக்க வேண்டும். சராசரி 100 கோடின்னா 2 கோடி. இதைத் தொழில் செலவாகக் காட்டி வரியைக் குறைக்கவும் முடியாது (க்ளையன்ட்ஸ் வருஷா வருஷம் கேக்குற கேள்வி!).

சரி, பிஸ்கட் ரேப்பர்? அதைத் திரும்பச் சேகரிப்பது பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி கம்பெனியின் பொறுப்பு. வேற சட்டம் கட்டாயமாக்கினதைச் செஞ்சா, அது சி.எஸ்.ஆர் கணக்குல சேராது. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் அப்படித்தான்.

அதனால போட்டோவை விட்டுட்டு, இயக்குநர் குழு அறிக்கையோட இணைப்பில் இருக்கிற சி.எஸ்.ஆர் அட்டவணையைப் பாருங்க. கொடுக்க வேண்டியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எந்தக் கணக்குக்குப் போச்சு? 2%-க்கு மேல போனதுதான் அவங்களா விரும்பிக் கொடுத்தது. அதையும் அடுத்த 3 நிதியாண்டுக்குள் கழிச்சுக்க விதி இருக்கு. கழிச்சிருக்காங்களான்னு ஒரு கண்ணு வைங்க.